பனிச்சறுக்கு பூட்ஸ் எங்கே கடிக்கிறது? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நவம்பர் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் நிசெக்கோ, ஹகுபா, யுசாவா என்று ஜப்பானின் பனிச்சறுக்கு ஊர்ப் பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கான டிக்கெட், தங்குமிடம், குளிராடை எல்லாவற்றையும் மணிக்கணக்கில் அலசுவார்கள். பூட்ஸ் பற்றிக் கேட்டால் மட்டும் "அங்கே போய்ப் பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். அங்கே போன பிறகு வரும் செய்திகள் வேறு மாதிரி இருக்கும்: விரல் மரத்துப்போச்சு, கணுக்கால் புண்ணாச்சு, நகம் கறுத்துப்போச்சு.

இது அந்தப் புகார்களுக்கான குறிப்பு. கடையில் போட்டுப் பார்க்கிறவர்களும் படிக்கலாம், வாடகை பூட்ஸோடு மல்லுக்கட்டுகிறவர்களும் படிக்கலாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். போவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த பூட்ஸில் வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறொன்று. விரல் மரத்துப்போனால் காரணம் பெரும்பாலும் புறங்காலில் இருக்கும். காலின் முன்னெலும்பு வலித்தால் குதிகாலைப் பார்க்க வேண்டியிருக்கும். வலி வந்ததும் ஒரு அளவு பெரிதாக எடுக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். பூட்ஸ் ஏற்கெனவே பெரிதாக இருப்பதுதான் பல வலிகளுக்கு மூலம் என்பதால், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்

காசு செலவில்லாத விஷயங்களை முதலில் பாருங்கள். சாக்ஸ் ஒரு ஜோடி போதும். மெல்லியதாக, முழங்கால்வரை வரும் ஸ்கீ சாக்ஸாக இருக்க வேண்டும். குளிருமே என்று இரண்டு ஜோடி போட்டால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு இன்னும் குளிரும். உள்ளே போடும் தெர்மல் பேண்டை பூட்ஸின் விளிம்புக்கு மேலே சுருட்டிவிடுங்கள்; அதன் தையல் ஒன்றே போதும், மதியத்துக்குள் முன்னெலும்பில் கோடு போட்டுவிடும். ஸ்கீ பேண்டின் உள்மடிப்பு பூட்ஸுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பூட்ஸுக்குள் சாக்ஸைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

பூட்ஸை இறுக்கும் பக்கிள்கள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றனவா? ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் இடது வலது மாறிவிட்டது. சிரிக்காதீர்கள், முதல் நாள் காலை அவசரத்தில் இது நடக்கும்.

அப்புறம் போடும் முறை. பக்கிள்கள், மேலே உள்ள பட்டை எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து, முன்னெலும்பின் மேல் படியும் நாக்கை நேராக இழுத்து, காலை உள்ளே விடுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். நான்கு பக்கிள் உள்ள பூட்ஸில் மேலிருந்து இரண்டாவதை முதலில் போடுங்கள். குதிகாலை அதன் குழியில் பிடித்து வைப்பது அதுதான். பிறகு மேல் பக்கிள். முழங்காலை முன்னுக்குச் சாய்த்து நாலு முறை அழுத்துங்கள். குதிகால் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், மேலிரண்டையும் ஒரு பல் கூடுதலாக இறுக்கலாம். விரல் பக்கம் உள்ள கீழிரண்டும் சும்மா மூடியிருந்தால் போதும். புதிதாகப் போடுகிறவர்கள் ஷூ லேஸ் கட்டும் பழக்கத்தில் கீழிருந்து மேலாக, எல்லாவற்றையும் ஒரே இறுக்கமாகப் போடுகிறார்கள். பாதி வலி அங்கேயே தொடங்குகிறது.

கடையில் போட்டதும் விரல் முன்னால் முட்டுகிறது

இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொடத்தான் செய்யும். முழங்காலை மடக்கி முன்னுக்குச் சாயுங்கள். குதிகால் பின்னுக்குப் போய், விரல்கள் சுவரை விட்டு விலகும். சாய்ந்த நிலையில் விரல் லேசாக உரசுகிறது அல்லது கொஞ்சம் இடம் கிடைக்கிறது என்றால் அளவு சரி. சாய்ந்த பிறகும் விரல் மடங்கியே இருந்தால்தான் நீளம் போதவில்லை.

நம் வீடுகளில் காலணி வாங்கும் முறையே வேறு. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து வாங்கும்போது அம்மா கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தி, "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இடம் விட்டு வாங்கிய கால்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தோடு பனிச்சறுக்கு பூட்ஸைப் போட்டால் சரியான அளவும் சின்னதாகத்தான் தோன்றும்.

யூகே 8, யூரோ 42 என்கிற எண்களை விட்டுவிடுங்கள். இந்த பூட்ஸுக்கு மாண்டோபாயிண்ட் என்னும் அளவு உண்டு. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதுதான் அது. 26.5 என்றால் 26.5 செ.மீ. பாதம். மாற்றுப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஏ4 தாளைச் சுவரோரம் நீளவாக்கில் வையுங்கள் (அதன் நீளம் 29.7 செ.மீ., பெரும்பாலோருக்குப் போதும்). குதிகாலைச் சுவரில் ஒட்டி, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கும்படி நின்று, மிக நீளமான விரலின் நுனியில் வேறு யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து போட்டால் பாதம் நகர்ந்துவிடும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வெப்பத்தில் நாள் முழுக்கச் சிலிப்பரில் நடந்த கால் மாலையில் வீங்கியிருக்கும். குளிரூட்டிய அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு அளப்பது நல்லது. ஏழு மணி நேரம் பறந்து இறங்கிய அன்றே கடைக்குப் போய் அளவு பார்ப்பதும் அதே காரணத்தால் வேண்டாம்.

எண் கிடைத்ததும் ஷெல்லைச் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் பூட்ஸ் வாங்கக் கூடாது என்பேன். உள்ளே இருக்கும் மெத்தென்ற லைனரை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஷெல்லுக்குள் சாக்ஸ் போட்ட காலை விடுங்கள். விரல் நுனி முன்சுவரை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சாதாரணமாகச் சறுக்குகிறவர்களுக்கு 1.5 முதல் 2 செ.மீ. இருந்தால் சரி. 2.5 செ.மீ. வந்துவிட்டால் அந்த பூட்ஸ் பெரிது, வைத்துவிடுங்கள்.

குனிந்து விரல்விட்டு அளப்பது சிரமம். அதற்கு நம்மூர்க் காசும் சாத்தே குச்சியும் போதும். 2013-இல் வெளியான மூன்றாம் வரிசை நாணயங்களில் 5 காசின் விட்டம் 16.75 மி.மீ., 10 காசு 18.5 மி.மீ., ஒரு வெள்ளி 24.65 மி.மீ. மூன்றையும் மூன்று குச்சிகளின் நுனியில் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். நாணயத்தின் ஒரு விளிம்பு குதிகாலையும் மறு விளிம்பு பின்சுவரையும் பார்க்கும்படி இறக்குங்கள். 10 காசு உரசிக்கொண்டு இறங்கினால் நல்ல அளவு. 5 காசு கொஞ்சம் சிக்கினால் பரவாயில்லை; நுழையவே மறுத்தால் பந்தயக்காரர்களின் இறுக்கம், புதியவர்களுக்கு ஆகாது. ஒரு வெள்ளி தாராளமாக இறங்கினால் விற்பனையாளர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: 26, 26.5 இரண்டுக்கும் பெரும்பாலான நிறுவனங்களில் ஷெல் ஒன்றேதான். பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலிலோ லைனரிலோதான் சின்ன வித்தியாசம் இருக்கும். "அரை அளவு பெரிசு தரேன்" என்று கடைக்காரர் உள்ளே போய் வேறு பெட்டியோடு வந்தாலும் அதே ஷெல்தான் உங்கள் காலுக்கு வருகிறது.

நகம் கறுத்துப்போவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பூட்ஸ் சின்னதாக இருந்தாலும் கறுக்கும், பெரிதாக இருந்து கால் முன்னும் பின்னும் சறுக்கி மோதினாலும் கறுக்கும். எது என்று நாணயம் சொல்லிவிடும். புறப்படுவதற்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

விரல்கள் மரத்துப்போகின்றன, எரிகின்றன

இந்தப் புகார்தான் அதிகம் வரும். "மச்சான், விரல் இருக்கா இல்லையான்னே தெரியல, நாளைக்கு ஒரு சைஸ் பெரிசு மாத்திடவா?" என்று மலையிலிருந்தே செய்தி அனுப்புவார்கள்.

மாற்றாதீர்கள். மலைமேல் ஏற்றிச்செல்லும் ஸ்கீ லிஃப்டில் ஏறி உட்கார்ந்ததும் கீழிரண்டு பக்கிளையும் திறந்துவிடுங்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் உணர்வு திரும்பினால், சிக்கல் விரலில் இல்லை. விரல்களுக்குப் போகும் நரம்புகளும் ஒரு முக்கிய இரத்தக் குழாயும் புறங்காலின் மேலாகத் தோலுக்கு அடியிலேயே போகின்றன. பக்கிள் அங்கே அழுத்தினால் விரல்தான் மரக்கும். ஏன் அவ்வளவு இறுக்கினீர்கள் என்று கேட்டால், "லூஸா இருந்துச்சு" என்பார்கள். பெரிய பூட்ஸில் கால் நிற்காததால் இறுக்குகிறோம், இறுக்கியதால் மரக்கிறது, மரக்கிறதென்று இன்னும் பெரிதாக எடுக்கிறோம். ஆக, இதற்குத் தீர்வு பெரும்பாலும் அளவைக் குறைப்பதுதான். நம்பச் சிரமமாகத்தான் இருக்கும், வாடகைக் கடையில் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் புறங்கால் அழுந்துகிறதா? உங்களுக்குப் புறங்கால் உயரமாக இருக்கலாம். பூட்ஸ் பொருத்துநர்கள் லைனருக்குக் கீழே உள்ள அடிப்பலகையைத் தேய்த்து உயரம் குறைப்பார்கள். நாக்கின் அழுத்தும் பகுதியை மெலிதாக்குவார்கள். பக்கிளைக் கொக்கியின் முந்தைய பல்லில் மாட்டிவிட்டு, பக்கிளையே திருகி மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்துகொள்ளவும் முடியும். பலர் இந்தத் திருகலைக் கவனிப்பதே இல்லை. 2023-24 பருவத்திலிருந்து சறுக்குதள பூட்ஸ்களில் போவா என்னும் திருகு வட்டும் வருகிறது. கம்பி புறங்காலைச் சுற்றிச் சீராக இழுப்பதால் ஒரே இடத்தில் அழுத்தம் குறையும். ஆனால் பெரிய பூட்ஸைச் சின்னதாக்கும் மந்திரம் அதில் கிடையாது.

பக்கிள் திறந்த பிறகும் மரப்பு போகவில்லை என்றால் அகலத்தைச் சந்தேகியுங்கள். பாதம் அகன்ற இடத்தில் பூட்ஸ் எவ்வளவு அகலம் என்பதை லாஸ்ட் என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள்: 97, 98 குறுகல், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். இந்த எண் 26.5 அளவு பூட்ஸுக்கானது. அளவு கூடினால் அகலமும் கூடும். சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் சிலிப்பருமாக வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்தும் குதிகால் ஒடுங்கியும் இருப்பது சகஜம். அப்படிப்பட்ட காலுக்கு நீளத்தைக் கூட்டி அகலத்தை வாங்கினால் குதிகால் ஆடும். நீளம் அதுவே இருக்கட்டும், லாஸ்ட் அகலமானதாகக் கேளுங்கள்.

உள்ளே வந்து சூடேற்றிய பிறகும் விரல் வெளிறி, மெழுகு போல் கெட்டியாக, உணர்வில்லாமல் இருந்தால் அது பூட்ஸ் விவகாரம் அல்ல. உறைபனிக் காயமாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், ஹீட்டருக்கு முன்னால் நீட்டாதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

குதிகால் மேலே எழும்புகிறது

முன்னுக்குச் சாயும்போது குதிகால் தூக்கிக்கொண்டால் ஸ்கீ நீங்கள் சொல்வதைக் கேட்காது. மில்லிமீட்டர் கணக்கில் அசைந்தால் பரவாயில்லை, ஒரு விரல் கனத்துக்கு எழும்பினால்தான் பிரச்சினை. முதல் சந்தேகம் வழக்கம்போல அளவின் மேல். ஷெல் சோதனை சரி என்றால் லைனரைப் பாருங்கள். லைனரின் நுரை சில நாள் சறுக்கலிலேயே அமுங்கி, உள்ளே இடம் கூடிவிடும். வாடகை பூட்ஸில் அது எத்தனையோ கால்களுக்கு அமுங்கியிருக்கும். அதனால்தான் புது பூட்ஸ் கடையில் "கொஞ்சம் டைட்" என்று இருப்பது நல்லது; கடையில் சொகுசாக இருப்பது அடுத்த பருவத்தில் தொளதொளக்கும்.

மூன்றாவது காரணம் பூட்ஸில் இல்லை, கணுக்காலில். செருப்பில்லாமல், குதிகால் தரையை விட்டு எழாமல் குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஊரில் குந்தி உட்கார்ந்தே வளர்ந்த நம் பெரியவர்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள் பலருக்குக் குதிகால் தூக்கும், அல்லது பின்னால் விழுவார்கள். கணுக்கால் மடங்க மறுத்தால், பூட்ஸுக்குள் முன்னே சாயும்போது குதிகால் எழும்பித்தான் ஆக வேண்டும். பக்கிளை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. குதிகாலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் உயரமுள்ள ஆப்பு வைத்தால் சரியாகிவிடும். பொருத்துநரிடம் இந்தக் குந்தும் சோதனையைச் சொல்லுங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

குதிகால் ஒடுக்கமாக இருப்பவர்களுக்கு லைனரின் வெளிப்புறத்தில் கணுக்காலைச் சுற்றி நுரைத் துண்டு ஒட்டுவார்கள். சூடாக்கி வார்க்கும் லைனராக இருந்தால் அதையும் செய்யச் சொல்லலாம்.

முன்னெலும்பில் அடித்த மாதிரி வலி

இறுக்கமாக இருப்பதால் வலிக்கிறது என்று மேல் பக்கிளைத் தளர்த்துவார்கள். அப்போது இன்னும் வலிக்கும். எலும்புக்கும் நாக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் கால் போய் மோதும். மேலிரண்டு பக்கிளையும் பட்டையையும் நன்றாகப் பிடிக்கும்படி போட்டு, எலும்பு எப்போதும் நாக்கில் சாய்ந்தே இருக்கும்படி நில்லுங்கள். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிற புதியவர்களுக்கு இந்த வலி கட்டாயம் வரும். அதைப் பூட்ஸ் மாற்றித் தீர்க்க முடியாது, ஒரு பாடவகுப்பு தீர்க்கும்.

நின்ற நிலையும் சரி, பக்கிளும் சரி, ஆனாலும் பூட்ஸ் வளையவே மாட்டேன் என்கிறதா? அது ஃபிளெக்ஸ் பற்றியது, அதாவது முன்னுக்கு வளைய பூட்ஸ் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். புதிய பெண்களுக்கு 60 முதல் 80, ஆண்களுக்கு 80 முதல் 100 என்பது பொதுவான வீச்சு. 120, 130 எல்லாம் வேகமாகச் சறுக்குகிறவர்களுக்கோ உடல் கனத்தவர்களுக்கோ. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொரு நிறுவனத்தின் 100 ஆகாது, இதற்குப் பொதுவான தரநிலை இல்லை. நமக்கு இதில் தனியாக ஒரு பொறி உண்டு. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். சிங்கப்பூரில் வரவேற்பறையில் போட்டு வளைத்துவிட்டு "மிருதுவா இருக்கே, இன்னும் கடினமானதா எடுக்கலாம்" என்று முடிவு செய்யாதீர்கள். அதே பூட்ஸ் வட ஜப்பானில் ஹொக்காய்டோவின் ஜனவரிக் குளிரில் வேறு பூட்ஸ்.

ஒரே புள்ளியில் உரசல், எரிச்சல்

கணுக்கால் முட்டு, சுண்டுவிரலின் அடி எலும்பு, பெருவிரல் பக்கம் புடைத்த முட்டு, பாதத்தின் உள்பக்கம் துருத்தும் எலும்பு: வழக்கமாக இந்த நான்கு இடங்கள்தான். கால் பூட்ஸுக்குள் அலைவதாலும் உரசும் என்பதால், அளவைச் சரிபார்க்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

அளவு சரி என்றால் இது எளிதில் தீரும். உரசும் எலும்பின் மேல் சாக்ஸுக்கு வெளியே லிப்ஸ்டிக்கால் ஒரு புள்ளி வைத்து, லைனர் இல்லாத ஷெல்லுக்குள் காலை விட்டு, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி எலும்பைச் சுவரில் அழுத்துங்கள். எந்த இடத்தில் சாயம் ஒட்டுகிறதோ அங்கேதான் வேலை. பொருத்துநர் அந்த இடத்தைச் சூடாக்கி வெளிப்புறமாகத் தள்ளிவிடுவார், அல்லது உட்புறம் கொஞ்சம் தேய்ப்பார். ஹேர் டிரையரை வைத்துக்கொண்டு வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ஷெல்கள் பல வகை பிளாஸ்டிக்கில் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு வெப்பநிலை; கோணிப்போனால் நிமிர்த்த முடியாது.

உள்ளங்காலில் பிடிப்பு, ஆடுசதையில் இறுக்கம்

பெட்டியோடு வரும் இன்சோல் பெயருக்குத்தான். பாதத்தின் வளைவுக்கு ஆதரவில்லாததால் கால் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, பிடிப்பு வருகிறது. நல்ல இன்சோல் ஒன்று போட்டால் பாதம் சரிந்து நீள்வதும் குறையும். பூட்ஸில் கூடுதலாக ஒரு செலவு செய்வதென்றால் இதற்குத்தான் செய்யச் சொல்வேன்.

மேல் பக்கிள் எட்டவே இல்லை என்றால் ஆடுசதை பருமன். கொக்கிப் பட்டையை வெளியே நகர்த்தித் திருகிக்கொள்ளும் வசதி பல பூட்ஸில் உண்டு. பெண்களுக்கான பூட்ஸில் மேல்பகுதி தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். ஆண்களின் பூட்ஸை வாடகைக்கு வாங்கிப் போட்ட அக்காமார்கள் இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கால் ஈரமாக, ஐஸ் கட்டியாக இருக்கிறது

இறுக்கம் காரணமில்லை என்று உறுதியானால், நேற்றைய வியர்வைதான். இரவில் லைனரை வெளியே எடுத்துக் காய வையுங்கள். காலையில் பூட்ஸ் போடும் நேரத்தில் புது சாக்ஸை மாட்டுங்கள். இரவு முழுக்கக் காருக்குள் கிடந்த பூட்ஸ் காலையில் விரியாது, காலும் நுழையாது. அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

வலியே இல்லை

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு வகையினர் இதைக் கவனிக்க வேண்டும். முதல் வகை, வீட்டுச் சிலிப்பர் போல் சொகுசாக இருக்கிறது என்பவர்கள். அவர்கள் மேலே போய் நாணயச் சோதனையைப் படிக்கட்டும். இரண்டாம் வகை, நீரிழிவு உள்ளவர்கள். நம்மவர்களில் அது இல்லாத குடும்பம் அரிது. பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் பூட்ஸ் கடிப்பது தெரியாது, புண் வந்த பிறகே தெரியும். புறப்படுவதற்கு முன் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் மருத்துவரிடமோ பாதத்தைக் காட்டி, போகலாமா என்று கேளுங்கள். அங்கே போனால் மதிய உணவின்போது பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்பாவுக்கோ மாமாவுக்கோ என்றால் நீங்களே பார்த்துவிடுங்கள். "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

பூட்ஸ் ஸ்கீயில் மாட்ட மாட்டேன் என்கிறது

அடியில் ஒட்டிய பனியை முதலில் தட்டுங்கள். பிறகும் மாட்டாவிட்டால் அடிப்பகுதி வகையைப் பாருங்கள். பழைய தட்டையான அடியும், நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் வைத்த கிரிப்வாக் அடியும் ஒன்றல்ல. கிரிப்வாக் பூட்ஸுக்கு அதை ஏற்கும் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பூட்டு) வேண்டும். சொந்த பூட்ஸோடு போய் ஸ்கீ மட்டும் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கடையில் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். பூட்ஸின் அடி நீளம் குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண், எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை இவற்றை வைத்துத்தான் விழும்போது பூட்ஸ் கழல வேண்டிய விசையை அமைப்பார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், முழங்காலின் பாதுகாப்பு அது. நண்பரின் ஸ்கீயைக் கடன் வாங்கினாலும் கடையில் கொடுத்து அமைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியிலிருந்து எடுத்தால் பூஞ்சணம், விரிசல்

இது நம் நாட்டுப் பிரச்சினை. வீவக வீட்டின் ஸ்டோர் ரூமில் பெட்டியோடு கிடந்த பூட்ஸின் லைனரில் பச்சையாகப் பூத்திருக்கும். பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், மோசமானால் லைனரை மாற்றலாம். ஷெல்தான் கவலை. பல ஷெல்கள் பாலியூரித்தேனில் செய்யப்பட்டவை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீர் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். மலையேற்ற ஷூவின் அடி திடீரென்று பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் இங்கே பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பக்கிள் ஆணிகளைச் சுற்றியும் கணுக்கால் மடிப்பிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா, மேற்பரப்பு பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீசிவிடுங்கள். மலையில் பாதி வழியில் ஷெல் உடைந்தால் கீழே வருவது பெரும் பாடு.

பழைய பொருள் விற்கும் காரோசெல் தளத்தில் யாரோ "இரண்டு முறைதான் போட்டேன்" என்று விற்கும் பூட்ஸுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். எத்தனை முறை போட்டார் என்பதைவிட எத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். அவர் காலுக்கு வார்த்த லைனர் உங்கள் காலுக்கு உதவாது என்பதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் லைனரைத் தனியே நன்றாகக் காய வைத்து, திரும்பப் போட்டு, பக்கிள்களை லேசாக மூடி வையுங்கள். திறந்தே வைத்தால் ஷெல் விரிந்துவிடும். குளிரூட்டிய அறையின் அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பாவோடு வைத்தால் ஸ்டோர் ரூமைவிட எவ்வளவோ மேல்.

பிள்ளைகள்

வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். அடுத்த டிசம்பருக்குள் கால் வளர்ந்துவிடும். அப்படியும் வாங்குவதென்றால் ஒரு செ.மீ.க்கு மேல் இடம் விடாதீர்கள். பிள்ளை "வலிக்குது" என்று சொன்னால் நடிக்கிறான் என்று நினைக்காமல் சாக்ஸின் மடிப்பைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எங்கே வாங்குவது

சாக்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் இங்கேயே வாங்கலாம். பூட்ஸில் இங்கே தெரிவு குறைவு, ஷெல்லைச் சூடாக்கித் தள்ளும் கருவியோடு உட்கார்ந்திருக்கும் ஆளைத் தேடுவதும் சிரமம். வருடத்தில் ஒரு வாரம் போகிறவர்களுக்கு வாடகையே போதும் என்பது என் கருத்து. தொடர்ந்து போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் பூட்ஸ்தான்; ஸ்கீயை எப்போதும் வாடகைக்கு எடுக்கலாம்.

இணையத்தில் வாங்குவதைவிட, சறுக்கப் போகும் ஊரிலேயே முதல் நாள் வாங்குவது நல்லது. மறுநாள் கடித்தால் அதே கடையில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நிசெக்கோவிலும் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனிலும் பூட்ஸ் பொருத்துவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தோக்கியோ வழியாகப் போகிறவர்களுக்குக் கண்டா பகுதியின் ஒகாவாமாச்சி, ஜிம்போச்சோ வட்டாரத்தில் ஸ்கீ கடைகள் வரிசையாக உண்டு. ஜப்பானில் சாதாரணக் காலணி அளவும் சென்டிமீட்டரில்தான், மொழி தெரியாவிட்டாலும் தாளில் அளந்த எண்ணைக் காட்டினால் போதும். கடையில் அரை மணி நேரமாவது போட்டுக்கொண்டே நில்லுங்கள், நடங்கள், சாயுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத அழுத்தம் இருபதாவது நிமிடத்தில் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முதலில் பாருங்கள். ஒரு ஜோடி நான்கு கிலோவைச் சுற்றி இருக்கும், அஞ்சல் செலவு சும்மா இல்லை. வந்ததும் ஏர்கானைப் போட்டு, ஸ்கீ சாக்ஸோடு தரைவிரிப்பின் மேல் மட்டும் போட்டுப் பாருங்கள். அடியில் கீறல் விழுந்தால் திரும்ப வாங்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது பெட்டி தொலைந்தாலும் பூட்ஸ் தொலையக் கூடாது என்று கைப்பையில் எடுத்துவருகிறவர்கள், விமான நிறுவனத்தின் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இகானமியில் 7 கிலோ. 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் சிங்கப்பூரருக்கு 500 வெள்ளிவரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதில் பூட்ஸோடு மற்ற சாமான்களும் சேரும், தாண்டிய தொகைக்கு 9 விழுக்காடு. சாங்கியில் சிவப்பு வழியில் நின்று பெட்டியைக் குடைவதைவிட, சுங்கத்துறையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிடலாம். பற்றுச்சீட்டைப் பூட்ஸுக்குள் திணிக்காமல் கடப்பிதழோடு வையுங்கள்.